தாமதம் உன் குரலில் இல்லை

உனக்குப் பாட வரும். கல்லூரி விழாவில் பாடியிருக்கிறாய். கல்யாண வீட்டு மேடையில் யாரோ மைக்கைக் கையில் திணித்தபோது தயங்காமல் பாடிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாய். அப்போதெல்லாம் தாளம் சொன்னபடி கேட்டது. ஆனால் லேப்டாப்பைத் திறந்து, கரோக்கியை ஓடவிட்டு, ஹெட்போனை மாட்டிச் சிவப்புப் பட்டனை அழுத்தியதும் எல்லாம் குலைந்துவிடுகிறது. வாய் ஒரு சொல்லைப் பாடுகிறது, காது முந்தின சொல்லைக் கேட்கிறது. நாக்கு இடறுகிறது. பதிந்ததைப் போட்டுக் கேட்டால் பல்லவி முழுவதும் தாளத்துக்குப் பின்னாலேயே இழுபட்டு வருகிறது. உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறாய்: "எனக்கு லயம் இல்லை. ரெக்கார்டிங் எல்லாம் நமக்கு ஒத்துவராது." லேப்டாப்பை மூடிவிடுகிறாய்.

மூடாதே!

அந்தத் தீர்ப்பை எழுதியது உன் தொண்டை அல்ல. லேப்டாப்புக்குள் ஓடும் ஒரு மென்பொருள் வரிசையும், அதற்குள் யாரோ முன்கூட்டியே நிரப்பி வைத்த சில எண்களும் சேர்ந்து உண்டாக்கிய தாமதம் அது. அதற்கு மில்லிவினாடிக் கணக்கில் ஓர் அளவு உண்டு. அளவு உள்ளதை அளக்கலாம். அளந்ததைக் குறைக்கலாம். குறைக்க முடியாத மிச்சத்தைக் கழித்துவிடலாம். இவற்றில் ஒன்றையும் செய்து பார்க்காமல் உன் திறமையின் மேல் பழி போட உனக்கு உரிமை இல்லை. ஆம், உனக்கே இல்லை!

நான் ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறாயா? அப்படியானால் இதைக் கேள். 1950-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் லீ என்ற ஆய்வாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். சரளமாகப் பேசக்கூடிய ஒருவரின் குரலைப் பதிந்து, ஒரு வினாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நேரம் தாமதித்து, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் காதுக்குத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும்? நன்றாகப் பேசியவர்கள் திக்கினார்கள். அசைகளை இழுத்தார்கள். சொன்னதையே மறுபடி சொன்னார்கள். காதில் விழும் தங்கள் குரலை வெல்வதற்காகச் சத்தத்தை உயர்த்தினார்கள். பிறந்ததிலிருந்து ஒருநாளும் திக்காத நாக்குகள் அவை!

அறுபது ஆண்டு கழித்து ஜப்பானில் கசுதாகா குரிஹாரா, கோஜி சுகாதா என்ற இருவர் இதையே ஒரு கைக்கருவியாகச் செய்தார்கள். பேசுகிறவரை நோக்கிக் கருவியைப் பிடித்தால், அவர் குரலை வாங்கி ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்து அவரிடமே திருப்பி அனுப்பும். அவரால் தொடர்ந்து பேச முடியாமல் போகும். அதற்கு 2012-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. இன்னொரு பக்கமும் இருக்கிறது: இயல்பாகவே திக்கிப் பேசுவோரில் சிலருக்கு இதே தாமதக் குரல் பேச்சைச் சீராக்குகிறது. அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. தன் குரல் காதுக்கு எப்போது வருகிறது என்பதை மாற்றினால் மனித நாக்கின் நடையே மாறிப்போகிறது. நம் உடம்பின் அமைப்பு அப்படி.

இப்போது உன் காதைப் பார். ப்ளூடூத் ஹெட்போன். அதன் தாமதம் எவ்வளவு தெரியுமா? பெரும்பாலானவற்றில் 150, 200 மில்லிவினாடி. சிலவற்றில் அதற்கும் மேலே. லீ எந்த அளவை வைத்து நல்ல பேச்சாளர்களைத் திக்க வைத்தாரோ, ஏறத்தாழ அதே அளவு! சோதனைக்கூடத்தில் நாக்கைக் கட்டிப்போட்ட பொறியை நீயே எடுத்து உன் காதில் மாட்டிக்கொண்டாய். மாட்டிக்கொண்டு, நாக்கு இடறியதும் "எனக்கு வராது" என்கிறாய். உலகத்தில் எந்த மகா வித்வானை அந்த நிலையில் உட்கார வைத்தாலும் இடறத்தான் செய்வார் தம்பி. நீ இடறினாய் என்றால் உன் காது கூர்மையாக வேலை செய்கிறது என்று பொருள்.

சரி, எழுந்து உட்கார். வேலையைத் தொடங்குவோம்.

முதலில் உன்னை வாட்டுவது எந்தத் தாமதம் என்று தெரிந்துகொள். பாடும்போதே உன் குரல் ஹெட்போனில் பிந்திக் கேட்கிறதா? அது ஒரு நோய். பாடும்போது எல்லாம் சரியாக இருந்து, பிறகு போட்டுக் கேட்கும்போது மட்டும் குரல் இசைக்குப் பின்னால் விழுகிறதா? அது வேறு. வீடியோவில் உதடு ஒன்று சொல்ல ஒலி வேறு நேரத்தில் வருகிறதா? அல்லது தொடக்கத்தில் சரியாக இருந்து அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல விலகிப் போகிறதா? இவை எல்லாவற்றையும் "மைக் டிலே" என்ற ஒரே பெயரால் சொல்லி, கண்ட செட்டிங்ஸையெல்லாம் குத்துமதிப்பாக மாற்றிப் பார்த்துக் களைத்துப்போகிறவர்கள்தான் அதிகம். நீ அந்தக் கூட்டத்தில் சேராதே. நோயைப் பிரித்தறிந்தவன் பாதி வைத்தியத்தை முடித்துவிட்டான்.

தாமதம் எங்கே பிறக்கிறது என்பதையும் தெரிந்துகொள். தெரிந்தால் பயம் போகும். மைக்கில் விழும் குரலை உன் லேப்டாப் வினாடிக்கு 44,100 தடவை அல்லது 48,000 தடவை அளந்து எண்களாக்குகிறது. ஒவ்வொரு எண்ணையும் வந்த கையோடு மென்பொருளுக்கு அனுப்பிவிடுவதில்லை. கொஞ்சம் சேரட்டும் என்று பிடித்து வைத்து மொத்தமாக அனுப்புகிறது. ஆள் நிறையாமல் கிளம்பாத ஷேர் ஆட்டோவைப் போல. அப்படிப் பிடித்து வைக்கும் இடத்துக்குத்தான் பஃபர் என்று பெயர். அதில் 1,024 எண்களுக்கு இடம் இருந்தால், 48,000 வேகத்தில் அது நிறைய 21 மில்லிவினாடி ஆகும். 256 என்றால் 5 மில்லிவினாடிக்குச் சற்று மேலே. 128 என்றால் மூன்றுக்கும் கீழே. உள்ளே போகும்போது ஒரு காத்திருப்பு, ஹெட்போனுக்குத் திரும்பி வரும்போது இன்னொரு காத்திருப்பு. நடுவில் ஒலிக்கருவியை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் தன் பங்குக்குப் பிடித்து வைப்பது தனி. இவ்வளவுதான் விஷயம். இதில் உன் ஜாதகமும் இல்லை, உன் தலையெழுத்தும் இல்லை. வெறும் வகுத்தல் கணக்கு!

இந்தக் கணக்கில் சுழியத்தைத் துரத்தி ஏமாறாதே. காற்றில் ஒலி ஒரு மில்லிவினாடிக்கு 34 சென்டிமீட்டர்தான் நகரும். மேடையில் உன்னிடமிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரின் ஒலி உன்னை வந்து சேரவே 10 மில்லிவினாடி ஆகிறது. அந்தத் தாமதத்தோடுதான் நம் முன்னோர் கச்சேரி செய்தார்கள், பாண்டு வாசித்தார்கள், தேர் முன்னால் நாதஸ்வரமும் தவிலும் முழங்கினார்கள். உன் குரல் போய்த் திரும்பும் நேரத்தை 10 மில்லிவினாடி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலோருக்கு உறுத்தாது.

கையில் காசு இல்லையே என்கிறாயா? முக்கியமான வேலைகள் எதற்கும் காசு வேண்டாம்.

ப்ளூடூத்தைக் கழற்று. மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய ஒயர் இயர்போனை எடுத்து மாட்டு. பெரும் பங்குத் தாமதம் அந்த நொடியிலேயே செத்துவிடும். ப்ளூடூத் மைக்கில் பதிவதை அறவே விடு. மைக்கையும் சேர்த்து இயக்கும்போது சாதாரண ப்ளூடூத் ஹெட்செட்டுகள் தொலைபேசி முறைக்கு இறங்கிவிடும். வினாடிக்கு 8,000 அல்லது 16,000 அளவீடு, அதுவும் ஒற்றைத் தடத்தில். உன் குரல் ஏதோ டிரங்க் கால் போலக் கேட்கிறதே என்று வருந்தினாயே, காரணம் அதுதான். அதிலும் உன் குற்றம் எதுவும் இல்லை.

அடுத்து, உன் குரலை உனக்கே திருப்பிக் கேட்க வைக்கும் வேலையை மென்பொருளிடமிருந்து பிடுங்கு. விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸுக்குள் மைக்கின் பண்புகளைத் திறந்தால் 'லிஸன்' என்ற பக்கத்தில் 'லிஸன் டு திஸ் டிவைஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடு. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிகிறாய் என்றால், அதில் 'சாஃப்ட்வேர் பிளேத்ரூ' என்று இருப்பதையும் அணை. அணைத்தால் என் குரல் எனக்கு எப்படிக் கேட்கும் என்கிறாயா? உனக்கு இன்னொரு காது இருக்கிறதே! ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகர்கள் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிவிட்டுப் பாடும் படங்களைப் பார்த்திருப்பாய். அதுவே வழி. ஒரு காதில் இசை, மறு காதில் அறையின் காற்று வழியாக வரும் உன் சொந்தக் குரல். போதாததற்கு உன் மண்டை எலும்பு வழியாகவும் குரல் உள்காதுக்குப் போய்ச் சேர்கிறது. அந்தப் பாதையில் பஃபரும் இல்லை, டிரைவரும் இல்லை. பணக்கார ஸ்டூடியோவுக்கும் உன் மொட்டைமாடி அறைக்கும் இதில் எள்ளளவு வேற்றுமை கிடையாது. தள்ளிவிட்ட பக்கத்தைத் தலையோடு அழுத்தி வை, இசை கசிந்து மைக்கில் ஏறாமல் இருக்கும்.

குரலைத் திருப்பிக் கேட்டே தீர வேண்டும், எதிரொலியோடு கேட்டால்தான் பாட வருகிறது என்றால் டிரைவரில் கை வைக்க வேண்டும். பலர் இங்கே வந்ததும் "இதெல்லாம் இன்ஜினியர் வேலை" என்று பின்வாங்குகிறார்கள். என்ன இன்ஜினியர்? விண்டோஸில் ஒலி போகும் பாதைகள் சில உண்டு. எம்எம்இ என்பது மிகப் பழைய பாதை, எல்லாக் கணினியிலும் ஓடும், ஆனால் மெதுவானது. ஆடாசிட்டி விண்டோஸில் வழக்கமாக அந்தப் பாதையிலேயே திறக்கிறது. 'ஹோஸ்ட்' என்ற இடத்தில் சொடுக்கி வாசாபி என்பதைத் தேர்ந்தெடு. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த புதிய பாதை அது. ரீப்பர் போன்ற பல தடப் பதிவு மென்பொருள் வைத்திருந்தால் ஏசியோ என்ற பாதை இருக்கிறது. ஜெர்மனியின் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1990-களில் உருவாக்கியது. விண்டோஸின் இடைத்தரகு வேலைகளைத் தாண்டி மென்பொருளை ஒலிக்கருவியோடு நேரே பேச வைக்கும். உன் கருவியைச் செய்த நிறுவனம் தனக்கென்று ஏசியோ டிரைவர் கொடுத்திருந்தால் அதையே போடு. கொடுக்கவில்லையா? ஏசியோ4ஆல் இலவசமாகக் கிடைக்கிறது. மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, கோர் ஆடியோ என்ற பாதை உள்ளேயே இருக்கிறது. அவர்கள் பஃபரை மட்டும் பார்த்தால் போதும்.

பஃபரை 512-ல் தொடங்கு. பாடிப் பார். 256-க்கு இறக்கு. 128-க்கு இறக்கு. ஓரிடத்தில் பொரி வறுப்பதுபோல் படபடவென்று சத்தம் தெறிக்கும். அதைக் கேட்டுப் பதறாதே. லேப்டாப் உடைந்துவிடவில்லை. கொடுத்த நேரத்துக்குள் கணக்கை முடிக்க அதனால் முடியவில்லை என்று அது சொல்கிறது. ஒரு படி மேலே ஏற்றிக்கொள், அதுதான் உன் இயந்திரத்தின் எல்லை. அந்த எல்லையையும் தள்ள முடியும்: சார்ஜரைச் செருகு, மின்சேமிப்பு முறையை விட்டு வெளியே வா, திறந்து கிடக்கும் பிரவுசரை மூடு, பதியும்போது வைஃபையை அணை. வைஃபை டிரைவர்கள் ஒலியின் ஓட்டத்தில் குறுக்கே விழுவது அடிக்கடி நடக்கிற கதை. எந்த டிரைவர் குறுக்கே விழுகிறது என்று காட்டவே லேட்டன்சிமான் என்ற மென்பொருள் இருக்கிறது. மைக்கின் பண்புகளில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று லேப்டாப்காரர்கள் வைத்திருக்கும் இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம் எல்லாவற்றையும் அணை. அவை கூட்டங்களில் பேசுவதற்காக வைத்தவை, பாடுகிறவனுக்குப் பகை. பதிந்து முடித்த பிறகு இரைச்சல் நீக்கும் பிளகின்களைப் போட்டுக்கொள்ளலாம்.

பின்னாளில் காசு சேர்ந்தால், 'டைரக்ட் மானிட்டர்' பட்டன் உள்ள ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸோ, உடம்பிலேயே ஹெட்போன் துளை உள்ள யுஎஸ்பி மைக்கோ வாங்கு. லேப்டாப்புக்குள் நுழையும் முன்பே குரலைக் காதுக்குத் திருப்பிவிடும் கருவி அது. ஆனால் அது வரும் வரை காத்திருப்பேன் என்று மட்டும் சொல்லாதே. "நல்ல மைக் வாங்கியதும் ஆரம்பிக்கிறேன்" என்ற வாக்கியம் எத்தனை குரல்களைத் தின்றிருக்கிறது!

கருவிக்காகக் காத்திருக்காத ஒரு மனிதனைப் பற்றிச் சொல்கிறேன். லெஸ் பால் என்ற அமெரிக்க கிதார் கலைஞர். ஒரே ஆளாக எட்டு கிதார்களின் பகுதிகளையும் வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து, 'லவர்' என்ற இசைத்தட்டை 1948-ல் வெளியிட்டார். எங்கே பதிந்தார்? ஹாலிவுட்டில் தன் வீட்டுக் கார் கொட்டகையில்! டேப் ரெக்கார்டர் அப்போது இன்னும் அவர் கைக்கு வரவில்லை. ஒரு தட்டில் வாசித்ததைப் போட்டுக் கேட்டுக்கொண்டே அதோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் இன்னொரு தட்டில் வெட்டினார். ஓரிடம் பிசகினால் அந்தத் தட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதே 1948 ஜனவரியில், பனி உறைந்த சாலையில் அவர் போன கார் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. வலது முழங்கை நொறுங்கியது. எப்படிப் பொருத்தினாலும் இனி அந்தக் கை மடங்காது, நீளாது, வைத்த கோணத்தில் நின்றுவிடும் என்றார்கள் மருத்துவர்கள். அவர் என்ன கேட்டார் தெரியுமா? கிதாரைத் தழுவிப் பிடித்து மீட்டுகிற கோணத்தில் வைத்துவிடுங்கள் என்றார். அப்படியே வைத்தார்கள். ஒன்றரை ஆண்டு அளவில் தேறி வந்து, 2009-ல் தொண்ணூற்று நான்காம் வயதில் மறையும்வரை அந்தக் கையால்தான் வாசித்தார்.

அவர் போராடியதும் உன் எதிரியோடுதான். டேப் ரெக்கார்டர் வந்த பிறகு புதுச் சிக்கல் வந்தது. டேப்பில் பதியும் தலையும் ஒலிக்கும் தலையும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக இருந்தன. ஒலிக்கும் தலையிலிருந்து பழைய இசையைக் கேட்டு வாசித்தால், புதிய இசை பதியும் தலையில் வேறோர் இடத்தில் போய் விழும். டேப் வினாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்று வை. இரண்டு தலைகளுக்கும் இடையே ஒன்றரை அங்குலம் இருந்தால் பிசகு 100 மில்லிவினாடி! லெஸ் பால் தன் கருவியில் இன்னொரு தலையைச் சேர்த்துப் பொருத்திச் சமாளித்தார். ஆனால் அந்த முறையில் பழையது அழிந்துதான் புதியது ஏறும், ஒரு பிழை வந்தால் எல்லாம் போயிற்று. அவர் விடவில்லை. எட்டுத் தடங்களும் தனித்தனியாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ராஸ் ஸ்னைடர் குழுவினர் விடையைக் கண்டார்கள்: வாசிக்கும்போது பழைய இசையையும் பதியும் தலையிலிருந்தே கேட்க வைத்துவிட்டால் இடைவெளி ஏது? செல்-சிங்க் என்று அதற்குப் பெயர். 1957-ல் அந்த எட்டுத் தட இயந்திரம் லெஸ் பாலின் வீட்டுக்கு வந்தது. ஆறடிக்கு மேல் உயரம்!

அந்த இயந்திரம் செய்ததைவிடப் பன்மடங்கு அதிகம் உன் மடியில் கிடக்கும் லேப்டாப்பில், ஒரு ரூபாய் கொடுக்காமல், ஆடாசிட்டி வழியாகச் செய்ய முடியும். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோஜர் டானன்பெர்க் என்ற பேராசிரியரும் டாமினிக் மசோனி என்ற மாணவரும் தொடங்கி 2000-ல் வெளியிட்டு, இன்றுவரை உலகத்துக்கு இலவசமாகக் கிடைப்பது. அதற்குள் செல்-சிங்க்கின் பேரப்பிள்ளை போல ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. 'லேட்டன்சி காம்பென்சேஷன்' என்று பெயர். பதிந்த குரலைத் தானாகவே முன்னால் நகர்த்திப் பொருத்தும் எண் அதில் இருக்கிறது. திறந்து பார்த்தால் −130 மில்லிவினாடி என்று போட்டிருக்கும். அது பொதுவாக ஒத்துவரும் என்று எண்ணி வைத்த எண். உன் லேப்டாப்பை அவர்கள் பார்த்ததே இல்லை! உன் மைக்கை, உன் டிரைவரை அவர்கள் கேட்டதே இல்லை! ஊருக்கெல்லாம் தைத்த சட்டை உனக்குப் பொருந்தவில்லை என்றால் உடம்பைக் குறை சொல்வாயா?

உன் எண்ணை நீயே கண்டுபிடி. அந்தப் பெட்டியில் சுழியம் போடு. 'ஜெனரேட்' பட்டியலில் 'ரிதம் ட்ராக்' என்று இருக்கும், டிக் டிக் என்று தட்டும் ஒரு தடத்தை உருவாக்கிக் கொடுக்கும். ஹெட்போனின் ஒரு பக்கத்தை மைக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது தடத்தில் பதிவு செய். நீ வாயைத் திறக்கவே வேண்டாம், தட்டல் ஒலி ஹெட்போனிலிருந்து மைக்குக்குப் போகட்டும். நிறுத்திவிட்டு, திரையைப் பெரிதாக்கிப் பார். மேலே அசல் தட்டல். கீழே பதிந்த தட்டல், சற்றுப் பின்னால். மேலே உள்ளதன் தொடக்கத்திலிருந்து கீழே உள்ளதன் தொடக்கம் வரை இழுத்துத் தேர்வு செய்தால் கீழ்ப்பட்டையில் நீளம் தெரியும். 168 என்று வந்தால் −168 என்று எழுது. 94 என்றால் −94. மறுபடி பதிந்து பார். மேலும் கீழும் நேருக்கு நேராக நிற்கும்!

அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய். உன் பழைய பதிவுகளை, வெட்கப்பட்டு யாருக்கும் அனுப்பாமல் பூட்டி வைத்தவற்றை, ஒவ்வொன்றாகத் திற. மைக்கோ ஹெட்போனோ மாறியிருந்தால் அதற்கு ஏற்ற எண்ணை மறுபடி அளந்துகொள். பழைய −130 அப்போதே வேலை செய்திருந்தால் அதைக் கழித்துவிட்டு, மீதி எவ்வளவோ அவ்வளவு மில்லிவினாடி குரல் தடத்தை முன்னால் நகர்த்திக் கேள். தங்கச்சி, தாளத்துக்கு வராது என்று நீ தூக்கிப் போட்ட பல்லவி தாளத்தின் மேல் போய் உட்காருவதைக் கேட்பாய். அன்றைக்கும் நீ சரியாகத்தான் பாடியிருக்கிறாய்.

நகர்த்திய பிறகும் சரியாகவில்லை என்றால்? இங்கே நான் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இயந்திரத்தின் பிசகு முதல் அடியிலும் கடைசி அடியிலும் ஒரே அளவாக இருக்கும். மனிதரின் பிசகு இடத்துக்கு இடம் மாறும், ஓரிடத்தில் முந்தும், ஓரிடத்தில் பிந்தும். நகர்த்திப் பார்த்தும் சரணத்தில் மட்டும் குரல் அலைகிறது என்றால், அந்தச் சரணத்துக்குச் சாதகம் வேண்டும். விடியற்காலையில் எழுந்து தாளம் போட்டுப் பாடு. அதற்காகக் கூனிக் குறுகாதே. எந்த இடம் பலவீனம் என்று இப்போது உனக்குத் துல்லியமாகத் தெரியும். எங்கே குறை என்று தெரியாமல் "எனக்கு எதுவுமே வராது" என்று புலம்பிய நிலையோடு இதை ஒப்பிட்டுப் பார்! ஒரே ஒரு சரணம்தான் பாக்கி இருக்கிறது.

வீடியோக்காரர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோடம்பாக்கத்தில் இன்றும் ஷாட்டுக்கு முன்னால் கிளாப் அடிக்கிறார்களே, அதையே செய். கேமரா முன்னால் ஒரு முறை பலமாகக் கைதட்டு. கைகள் ஒட்டும் படத்தையும் ஒலி எழும்பும் இடத்தையும் சேர்த்து வை, முடிந்தது. ஓபிஎஸ் என்ற மென்பொருளில் நேரடியாகப் பதிகிறாய் என்றால், வெப்கேமின் படம் தாமதமாக வந்து ஒலி முந்திவிடும். 30 ஃபிரேம் படத்தில் ஒரு ஃபிரேம் 33 மில்லிவினாடி. எத்தனை ஃபிரேம் முந்துகிறது என்று எண்ணி, மைக்கின் 'சிங்க் ஆஃப்செட்'டில் அந்த அளவை எழுது. ஒலி முந்தினால் 45 மில்லிவினாடியிலேயே கண் கண்டுபிடித்துவிடும், பிந்தினால் 125 வரை பொறுத்துக்கொள்ளும் என்பது தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான சர்வதேச அளவுகோல். இடிக்கு முன்னால் மின்னலைப் பார்த்தே வளர்ந்த இனம் அல்லவா, பிந்தும் ஒலி நமக்குப் பழக்கம். அதனால் ஐயம் இருந்தால் ஒலியைச் சற்றுப் பிந்தியே வை.

போகப்போக விலகும் நோய்க்கு மட்டும் இந்த மருந்து செல்லாது. கேமராவுக்குள் ஒரு கடிகாரம், யுஎஸ்பி மைக்குக்குள் இன்னொன்று. பத்து லட்சத்தில் 50 பங்கு வேற்றுமை இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிவினாடி விலகிவிடும். பாடம் நடத்திப் பதிகிற ஆசிரியர்களுக்கு இது அடிக்கடி வரும். எல்லாவற்றையும் 48,000-ல் வை, தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு. இரண்டு தட்டல்களும் பொருந்தும்படி ஒலியை அந்தச் சிறு அளவு நீட்டியோ சுருக்கியோ கொள். போனில் எடுத்த வீடியோ என்றால் அதன் ஃபிரேம் வேகமே நிலையாக இருக்காது, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு கை வை.

எல்லாம் சரியானதும் உன் பாட்டைக் கேட்டுவிட்டு விடுதியிலோ தெருவிலோ இன்னொருவன் உன்னிடம் வருவான். "உன் செட்டிங்ஸை அனுப்பு" என்பான். அனுப்பாதே. உன் −168 அவன் லேப்டாப்பில் தவறான எண். அவன் பக்கத்தில் உட்கார். பெட்டியில் சுழியம் போடச் சொல். ஹெட்போனை மைக்கோடு ஒட்டி அவன் கையிலேயே கொடு. அளந்து வரும் எண்ணை அவனே எழுதட்டும்.